கிராமுக்கு எத்தனை

கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு என்ற போர்டைப் பார்த்து
போலீஸ் ஆபீஸோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார் தஸ்தகீர்.
கையில் தயிர் டப்பா, டப்பாவுக்குள் லத்தி.
சிரித்தோம்.
சிரித்தது அன்று ஒருநாள்தான்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில்
ஒரு சுற்று ஐம்பது ரூபாய்.
ரோஜா சம்பாதிக்கும்,
நாலு மாதக் குட்டி பின்னாலேயே ஓடி
செல்ஃபிக்கு நிற்கும்.
குட்டியின் பெயர் சில்லறை.
இப்போது யார் கையிலும் இல்லை, எல்லாம் ஸ்கேன்தான்,
பெயரிலாவது இருக்கட்டுமே என்று வைத்தாராம்.

வயிறு பானை. ரோமம் சொரசொரப்பு. ராத்திரியானால் இருமல்.
"கடக்காத்து ஒத்துக்கலியோ மேடம்?"

மூன்று கிராம் எடுத்தேன்.
இனிக் கரையாது என்கிற வரைக்கும் உப்புப் போட்ட நீரில் கலக்கினால்
தின்ற புல் அடியில் தங்கும்
முட்டை மிதக்கும்.
கட்டம் போட்ட கண்ணாடியில் பழுப்பு உருண்டைகள்,
தடித்த ஓடு, தொட்டதில் ஒட்டும் ஓடு.
எண்ணினேன், கணக்குத் தப்பி மறுபடி எண்ணினேன்.
கிராமுக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது.

போனில் அவருக்கு வழி சொன்னேன்:
காற்று இல்லை பாய்,
கொட்டகை மண்ணில், சுவரில், ரோஜாவின் மடியில்
ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை.
பாலுக்கு முட்டும்போது பாலோடு போகும்.
சிறுகுடலில் பொரியும், தங்காது,
சுவரைத் துளைத்து ரத்தத்தில் இறங்கி
ஈரலுக்கு,
ஈரலை ஒரு வாரம் உழுது
நுரையீரலுக்கு,
அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஊர்ந்து ஊர்ந்து
தொண்டை வரைக்கும் வரும்.
குட்டி இருமும்.
இருமி
விழுங்கும்.
புறப்பட்ட குடலுக்கே வந்து சேர்ந்து
அங்கேதான் ஆளாகும்: பென்சில் தடிமன், முழ நீளம்,
ஒரு பெட்டை, ஒரே நாளில், லட்சம் முட்டை.

"அப்ப துப்பத் தெரிஞ்சிருந்தா பொழச்சிருமா?"

நான் படித்த புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

டாக்டர் கோமாரி முகாமுக்குப் புவனகிரி போயிருந்தார்.
பூச்சி மருந்து போடணும், டாக்டர் வரட்டும் என்றேன்.
என்றேனா?
முதல் பாதியைச் சொன்னது நினைவிருக்கிறது.

வியாழன் இரவு மஞ்சக்குப்பத்தில் மருந்து வாங்கி
நுனியில் வெல்லம் தடவி
முழு ட்யூபையும் நாக்குக்குப் பின்னால் அழுத்தியிருக்கிறார்.
நல்ல மருந்து. வேலை செய்தது.
எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்து
ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு
கயிறாகிக்
குடலை அடைத்தன.
விடியும்போது சில்லறை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம்,
யாரோ கூப்பிட்டதுபோல.
காலால் மண்ணைப் பறித்து
படுத்து
உருண்டது.

அறுத்துப் பார்த்தபோது நானும் நின்றேன்.
வாளியில் போட்டு எண்ணச் சொன்னார் டாக்டர்.
எண்ணுவது என் வேலை.
இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டு
ரிப்போர்ட்டில் 'ஏராளம்' என்று எழுதினேன்.
"நான் போட்டதாலயா?"
போடாமலே விட்டிருந்தாலும் என்று ஆரம்பித்த டாக்டர்
கை கழுவப் போனார்.

மாசியில் மறுபடி வந்தார், அதே கம்பெனித் தயிர் டப்பா.
ரோஜா சினை.
ஒரு முட்டைகூட மிதக்கவில்லை.
வளர்ந்த குதிரையின் உடம்பு
அந்த வழியை மூடக் கற்றுக்கொள்ளும்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
"கொட்டகைல?"
கொட்டகையில் இருக்கும் பாய்.
வெயிலுக்குச் சாகாது, புயலில் தண்ணி புகுந்தாலும் சாகாது,
வருஷக் கணக்கில் கிடக்கும்.
போன குட்டி போட்டதை
வரும் குட்டி தின்னும்.

ஒரு அடிக்கு மண்ணை அள்ளி மாத்துங்க,
டாக்டர் எடை பார்க்காமல் மருந்து கூடாது:
இந்த முறை எழுதியே கொடுத்தேன்,
இரண்டாவது வரிக்குக் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

சீட்டை மடித்துப் பையில் வைத்தவர்
வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அள்ளுன மண்ண எங்க கொட்றது மேடம்?"